பழைய காருக்கு வந்த கடிதம்

"இன்னா மாமா, குடுக்கலாமா, வேணாமா?"

மச்சான் கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். கார் கம்பெனியிலிருந்து வந்த கடிதம். நான்கு வருடம் ஓடிய அவனுடைய பெட்ரோல் காரை இரண்டு வாரம் சோதனைக்குத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதுவரை ஓட்டுவதற்கு வேறொரு கார் கொடுப்பார்களாம், கையில் ஒரு தொகையும் உண்டாம். அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து பள்ளிகொண்டா போய், அங்கே நெடுஞ்சாலையைப் பிடித்து வாரத்தில் மூன்று நாள் ஆம்பூருக்கு ஓடும் வண்டி அது. மற்ற நாட்களில் அவனுக்குக் கம்பெனி பஸ். மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் வாங்கிய கிடா ஒன்று ஒருமுறை பின்சீட்டில் பயணம் செய்தது. அந்த வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை.

"லட்சம் லட்சமா கார் செய்றவனுக்கு என் கார் எதுக்கு மாமா? ஏதோ உள்குத்து கீது."

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதில் என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அவன் வேலை பார்ப்பது ஒரு ஷூ கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில்.

குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது சாது. அதே குரோமியம் ஆறு இணைதிறனுக்கு மாறிவிட்டால் அரிப்பு, ஒவ்வாமை என்று தொல்லை தொடங்கும். உடம்பில் படும் தோல் பொருட்களில் இந்த இரண்டாவது வகை கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் விதி வைத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், டேனரியை விட்டு வெளியே வரும்போது சுத்தமாக இருக்கும் தோல், கப்பலில் கண்டெய்னருக்குள் வெந்து, ஈரம் வற்றி, வெளிச்சத்தில் கிடந்து போகும் வழியில் மாறிவிடலாம். தோலுக்கு ஊட்டிய எண்ணெய் எந்த வகை என்பதும் அதில் சேர்த்தி. அதனால்தான் புதுத் தோலை மட்டும் சோதித்துத் திருப்திப்படுவதில்லை. 80 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வைத்து அதைக் கிழடாக்கிவிட்டு மறுபடியும் சோதிக்கிறார்கள். நம் பாட்டன்மார் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு இந்தத் தலைவலியே கிடையாது என்பது வேறு கதை.

"புதுசா கீறப்ப பாஸ் ஆவுறது பெரிய விஷயமில்ல மாப்ள. வயசானப்புறமும் பாஸ் ஆவுதான்னுதானே அடுப்புல வெக்கிறீங்க?"

"ஆமா."

"கார்காரனும் அதுக்குத்தான் வரான். அவனுக்கு வேண்டியது உன் கார் இல்ல. உன் காரோட வயசு."

அடுப்பில் வைத்தால் காலம் எப்படிச் சுருங்குகிறது? வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று ஒரு தோராயமான கணக்கு உண்டு. 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. ஒரு நாள் அடுப்பில் கிடந்த தோல் கிட்டத்தட்ட ஒரு மாதம் வெளியே கிடந்த தோலுக்குச் சமம். இது மனக்கணக்குதான், துல்லியமான விதி அல்ல. ஆனாலும் பரிசோதனைக் கூடங்கள் பலவற்றின் அடித்தளம் இந்த எண்ணம்தான்.

தோல் என்பது ஒரே பொருள். கார் அப்படியில்லை. பெட்ரோல் குழாயின் ரப்பர் 80 டிகிரியில் வேகமாக மூப்படையும். அதே 80 டிகிரி, புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு ஒன்றுமே இல்லை. அது வேலை செய்வதே நூற்றுக்கணக்கான டிகிரிகளில்தான். அதற்குள் பீங்கான் தேன்கூடு ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பூசப்பட்டிருக்கும். கடும் சூட்டில் அந்தத் துகள்கள் மெல்ல நகர்ந்து, தாமரை இலைமேல் நீர்த்துளிகள் கூடுவதுபோல ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். உலோகத்தின் எடை குறையாது. புகையைத் தொடும் பரப்பு குறைந்துபோகும். என்ஜின் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸும் எரிந்து வந்து மேலே படியும். மெல்ல மெல்ல நச்சு வாயு தப்பிக்கத் தொடங்கும்.

கன்வெர்ட்டரைத் தனியாகக் கழற்றி உலையில் வாட்டலாம். ரப்பரைத் தனியாக அடுப்பில் வைக்கலாம். பித்தானை லட்சம் தடவை அழுத்திப் பார்க்க ஓர் இயந்திர விரல் போதும். முழுக் காரையும் ஒரே சமயத்தில் நியாயமாகக் கிழடாக்கும் அடுப்பு மட்டும் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. அது இருக்குமிடம் பள்ளிகொண்டா சாலையும், வேலூர் மாவட்டத்தின் நான்கு கத்திரி வெயிலும்தான்.

இப்படி வாடிக்கையாளரின் வண்டியைக் கடன் வாங்கிச் சோதிப்பது ஏதோ ஒரு கம்பெனியின் விசித்திர ஆசையும் அல்ல. அமெரிக்காவில் 2000-களிலிருந்து கார் தயாரிப்பாளர்கள் மக்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளை வாங்கிப் புகைச் சோதனை செய்துகாட்டியாக வேண்டும். கொஞ்சம் ஓடியவை, 80,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியவை என்று இரண்டு வகையிலும். ஐரோப்பாவில் குறைந்தது 6 மாதமும் 15,000 கிலோமீட்டரும் கடந்து, 5 வருடமோ 1,00,000 கிலோமீட்டரோ தாண்டாத வண்டிகளை எடுக்கிறார்கள். நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎஸ்-6 விதிகளும் ஓடும் வண்டிகளின் சோதனைக்கு இடம் வைத்திருக்கின்றன. மச்சானின் கார் நான்கு வயது, 48,000 கிலோமீட்டர். கல்யாணச் சந்தையில் சொல்வதுபோல, பொருத்தம் கூடிய ஜாதகம்.

புதுக் காருக்கு நடக்கும் சோதனையைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அவசியம் இன்னும் புரியும். காரை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. இந்தியாவின் சோதனை ஓட்டம் சுமார் 20 நிமிடம். எப்போது கியர் மாற்றுவது, எப்போது பிரேக் போடுவது எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது. அதன் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் எத்தனை பேர் 90-க்குக் கீழே போகிறார்கள் என்று எண்ண ஒரு கை விரல்கள் மிச்சம். கூடத்தின் வெப்பநிலை இருபதுகளில் நிற்கும். நம் ஊர் மே மாதம் நாற்பதைத் தொடும்.

எழுதி வைத்த பரீட்சைக்கு எழுதி வைத்த விடை தயாரிக்க முடியும். அதைச் செய்தது ஃபோக்ஸ்வேகன். அமெரிக்காவில் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தம் என்று காட்டுவதற்காகத்தான் ஐசிசிடி என்ற அமைப்பு வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் ஒரு சாலைச் சோதனையைக் கொடுத்தது. அங்கே டேனியல் கார்டர் தலைமையில் இருந்த சிறு குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் பக்கத்துப் பெயர்கள் இரண்டு. காரின் பின்பக்கம் வாயு அளக்கும் கருவியை ஏற்றி, அதற்கு மின்சாரம் கொடுக்க ஜெனரேட்டரும் வைத்துக்கொண்டு கலிபோர்னியா சாலைகளில் ஓட்டினார்கள். 2014 மே மாதம் அறிக்கை வந்தது. ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா கார், அனுமதிக்கப்பட்ட அளவைப்போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியிருந்தது. பஸாட் 5 முதல் 20 மடங்கு. உருளைமேல் ஏற்றினால் இரண்டும் உத்தமர்கள்.

ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறது, வேகம் என்ன, என்ஜின் எத்தனை நேரம் ஓடியிருக்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்து, "இது பரீட்சை" என்று காரின் மென்பொருளே கண்டுபிடித்துக்கொண்டது. பரீட்சை என்றால் ஒழுக்கம், சாலை என்றால் சுதந்திரம். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதைப் பகிரங்கமாக்கியது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள் அந்த மென்பொருளோடு ஓடிக்கொண்டிருந்தன. இந்தியாவில் அந்த வருட டிசம்பரில் 3.23 லட்சம் வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும் நிலை வந்தது.

இதைக் கேட்டதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப இவனுங்களும் அதையே செஞ்சா?"

செய்யலாம். ஆனால் ஏமாற்ற நினைப்பவனுக்குப் பிடிக்காத பொருள் அடுத்தவன் ஓட்டிய பழைய கார்தான். 2023 ஏப்ரல் முதல் இங்கேயும் சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை கட்டாயத்துக்குள் வந்திருக்கிறது. கருவியைப் பின்னால் மாட்டி, ஊர், கிராமப்புறம், நெடுஞ்சாலை என்று கலந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓட்டுவது. அணைக்கட்டு கடைத்தெரு, பள்ளிகொண்டா வரைக்கும் வயல் ஓரச் சாலை, பிறகு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை என்று அவன் காரில் போகும் வழியே கிட்டத்தட்ட அந்தக் கலவைதான்.

பழைய காரை யார் சோதிக்கிறார்கள் என்ற கேள்வி வெறும் புகையோடு முடிவதும் இல்லை. இந்த ஊர் பங்குகளில் ஊற்றும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு சக்தி போனால், மொத்தத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது ஆறேழு சதவீதம். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6-7 சதவீதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னதும் இதே எண்தான். மைலேஜைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ரப்பர் வாஷரும் பெட்ரோல் குழாயும் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு போதாது. எத்தனால் சிலவகை ரப்பரை உப்பச் செய்யும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும்.

1 லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டி, ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் சோதித்ததில் பெரிய குறை இல்லை என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. அந்தச் சோதனையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கிலோமீட்டர் வேறு, வருடம் வேறு. சோதனை ஓட்டுநர்கள் ஷிஃப்ட் போட்டு ஓட்டினால் லட்சம் கிலோமீட்டரைச் சில மாதங்களில் முடித்துவிடலாம். தினம் 30 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பக் கார் அதே தூரத்தைத் தொட ஒன்பது வருடம் ஆகும். அந்த ஒன்பது வருடமும் ரப்பர் பெட்ரோலில் ஊறிக்கொண்டிருக்கும், வண்டி நின்றாலும் சரி, ஓடினாலும் சரி. ஓடாமல் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் வயதாகிறது என்பதைச் சோதனைத் தடம் சொல்லாது. மக்கள் வைத்திருக்கும் வண்டி சொல்லும். என்னைக் கேட்டால், புகைக்கு மட்டுமல்லாமல் எரிபொருளுக்கும் இப்படிக் கடிதங்கள் வரவேண்டும், பன்னிரண்டு வயதுக் கார்களுக்கும் வரவேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஐரோப்பிய முறையில் ஒரு ரகத்துக்குக் குறைந்தபட்சம் 3 வண்டி எடுத்தால் போதும். முடிவு இழுபறியானால் கூட்டிக்கொண்டே போவார்கள். பானைச் சோறு முழுக்க ஒரே தீயில் வெந்தது. கார்கள் அப்படி வேகவில்லை. சர்வீஸ் புத்தகம் இல்லாதவை, எச்சரிக்கை விளக்கு எரிபவை, கண்ட எரிபொருள் ஊற்றியவை, என்ஜினில் கைவைத்தவை என்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். கம்பெனி தரப்பு நியாயம் புரிகிறது, உரிமையாளரின் அலட்சியத்துக்கு அவர்கள் பொறுப்பாக முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். கடிதம் போவது ஒழுங்கான ஆட்களுக்கு. அதிலும் காரைப் பொன்போல வைத்திருப்பவர் தரமாட்டேன் என்பார். கடனுக்குக் கிடைக்கும் புதுக் காரில் ஆசை உள்ளவர் தருவேன் என்பார். மிஞ்சுகிற சிலர்தான் லட்சக்கணக்கான வண்டிகளுக்குச் சாட்சி. ஐரோப்பாவில் தயாரிப்பாளர் மட்டுமல்லாமல் அரசு அமைப்புகளும் வெளி ஆய்வகங்களும் இந்தச் சோதனையைச் செய்ய இடம் கொடுத்திருப்பது இதற்கு ஓரளவு உதவும். மச்சான் போன்ற சாதாரண ஆள் சம்மதிப்பதன் மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. ஆடு ஏற்றிய கார் ஒன்றாவது கணக்கில் சேரட்டும்.

அந்த ஆட்டு வாசனை அவனுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. அது வேடிக்கையான கவலையும் இல்லை. சோதனைகளில் ஒன்றில் காரை மூடிய அறைக்குள் நிறுத்தி, கண்ணாடியையும் டிக்கியையும் திறந்துவைத்து, எத்தனை கிராம் பெட்ரோல் ஆவி கசிகிறது என்று அளப்பார்கள். பெட்ரோல் டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்க காரில் ஒரு கரி டப்பா உண்டு. அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். கிடா வாசனை அந்தக் கருவியைக் குழப்பும் என்று நினைக்கவில்லை. அதை மறைக்க அவன் தொங்கவிட்டிருக்கும் வாசனை பாட்டில் குழப்பலாம். அதைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.

மற்றபடி காருக்கு நடப்பவை பெரும்பாலும் சாதுவானவை. டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, அளந்து தயாரித்த சோதனை பெட்ரோலை ஊற்றுவார்கள். பல மணி நேரம் ஒரே வெப்பநிலையில் ஆறவிடுவார்கள். உருளைமேல் ஓட்டுவார்கள். காரின் கணினியில் பதிந்திருக்கும் கோளாறுக் குறிப்புகளைப் படிப்பார்கள். புகைக் குழாயில் இணைப்பு பொருத்துவார்கள். டேங்கிலோ குழாயிலோ துளை போட வேண்டியிருந்தால், போட்ட பாகத்தைப் புதிதாக மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி மாதிரியான அரசு சோதனை மையமா, கம்பெனியின் சொந்தக் கூடமா, லாரியில் ஏற்றிப் போவார்களா, ஓட்டிப் போவார்களா என்பதையும்.

ஓட்டிப் போவார்களா என்ற கேள்வியில்தான் நாங்கள் வெகுநேரம் நின்றோம். மச்சான் உள்ளே போய் இன்சூரன்ஸ் தாளைக் கொண்டுவந்தான். அதில் 'பயன்பாட்டு வரம்பு' என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி. வாடகைக்கு விடுவது, பந்தயம், ஸ்பீட் டெஸ்டிங், ரிலையபிலிட்டி டிரையல்ஸ், மோட்டார் வணிகம் தொடர்பான எந்தப் பயன்பாடு ஆனாலும் இந்தப் பாலிசி செல்லாது என்கிறது. இந்தியாவில் சொந்த உபயோகக் கார் பாலிசிகளில் வழக்கமாக அச்சாகும் வாசகம்தான் இது. நானும் இருபது வருடமாகக் கார் இன்சூரன்ஸ் கட்டுகிறேன், ஒருமுறைகூடப் படித்ததில்லை. கம்பெனியின் ஓட்டுநர் சோதனைக்காக நம் காரைச் சாலையில் ஓட்டும்போது யார்மேலாவது இடித்தால், இன்சூரன்ஸ் கம்பெனி இந்த வரியைக் காட்டிக் கையை விரிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவதும் உண்டு. ஆர்சி புத்தகத்தில் இருப்பது மச்சான் பெயர். கையில் வாங்கும் தொகைக்கு 'வாடகை' என்று பெயர் வைத்தால் இன்னொரு முடிச்சு.

ஆகவே முதல் நிபந்தனை: கார் வாசலைத் தாண்டிய நொடி முதல் திரும்பி வரும் நொடி வரை எல்லாப் பொறுப்பும் கம்பெனியின் இன்சூரன்ஸுக்கு என்று, பாலிசி எண்ணோடு ஒரு கடிதம். வாய்ச்சொல் செல்லாது.

மற்றவை சிறியவை. கைப்பேசித் தொடர்பு எண்களும் போன இடங்களின் பட்டியலும் காரின் திரையில் இருக்கும், அழித்துவிட வேண்டும். என்ன தரவு எடுக்கிறார்கள், எதற்கு என்றும் கேட்க வேண்டும். மீட்டர் எண்ணையும் நான்கு பக்கக் கீறல்களையும் படம் எடுத்துவைக்க வேண்டும். சோதனையில் ஏதாவது தெரியவந்தால் அதைக் காட்டி வாரண்டியை மறுக்கமாட்டோம் என்ற ஒரு வரியும் வேண்டும்.

முடிவை நமக்கும் சொல்வார்களா என்று கேட்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. 7 வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை. அதாவது மச்சானின் காரில் தெரியும் ஒரு குறை, அதே ரகக் காரை வைத்திருக்கும் ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் வண்டியையும் சரிசெய்ய வைக்கலாம். சோதனைக்கு முன் சர்வீஸ் விட்டுப் பளபளப்பாக்கிக் கொடுக்க நினைத்தான். வேண்டாம் என்று தடுத்தேன். கிழடாக்கிய தோலுக்குப் பாலிஷ் போட்டு யாராவது சோதனைக்கு வைப்பார்களா?

கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. இன்சூரன்ஸ் கடிதம் வராமல் சாவி கைமாறக்கூடாது என்பதும் என் கட்சி. அன்றிரவே ஏழு கேள்விகளை எழுதி அனுப்பினான். ஆறுக்கு மறுநாளே பதில் வந்துவிட்டது. இன்சூரன்ஸ் கேள்விக்கு மட்டும் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். கார் இப்போது வேப்பமரத்தடியில் நிற்கிறது, வாசனை பாட்டில் இல்லாமல்.

உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாலிசித் தாளை இன்றைக்கே எடுத்து, 'பயன்பாட்டு வரம்பு' என்ற அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள்.